ஐந்து நிமிடத் துளி

"கலந்திருச்சி மிஸ்" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. தட்டில் விழுந்த துளியைத் தாளால் ஒற்றி, அந்தத் தாளை அதற்கென்று வைத்திருந்த தகர டப்பாவில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். அந்த ஒரு துளியில் எங்கள் இரண்டு நாள் உழைப்பு இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கே கலந்தது, கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தானே இருந்தது என்று சண்டைக்கு நிற்பேன். அவள் சண்டைக்கு வரமாட்டாள். தான் பார்த்ததாகச் சொல்வாள். பார்த்ததற்கு மேல் ஒரு எழுத்துக் கூட்டியும் சொல்லமாட்டாள், குறைத்தும் சொல்லமாட்டாள். என்ன ஜென்மமோ என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். கண்டிக்கு வெளியே, மகாவலி ஆற்றைப் பார்த்த மாதிரி இருந்த ஒரு தாவரவியல் ஆய்வுகூடத்தில் முதுநிலைப் பட்டத்துக்கு நான் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அவள் எனக்கு உதவியாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். ஆனாலும் நான் அவளை 'நீ' என்பேன், அவள் என்னை 'நீங்க' என்பாள். என் அப்பாவுக்கு டவுனில் துணிக்கடை. அவளுடைய அப்பா வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். இரண்டு குடும்பமும் இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்தவைதான். என் அப்பா காலத்தோடு ஓடித் திரிந்து பிரஜாவுரிமைக் கடதாசி எடுத்துவிட்டார். அவளுடைய அப்பாவுக்கு அது வாய்க்கவில்லை. அதனால் அவள் நாடில்லாதவள். நிரந்தர வேலைக்கு வழியில்லை. எங்கள் பேராசிரியர் தன்னுடைய ஆராய்ச்சிப் பணத்தில் நாள் சம்பளத்துக்கு அவளை வைத்திருந்தார்.

நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொல்லாவிட்டால் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. பாசி என்றால் கல்லில் வழுக்கும் பச்சை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நாங்கள் எடுத்த பாசிக்கு நைட்டெல்லா என்று பெயர். அலவத்துகொடையில் ஒரு வயலோரக் குட்டையின் அடியில் பச்சை நூலைப் பிரித்துப் போட்ட மாதிரி நிற்கும். கணுவுக்குக் கணு ஒரே ஒரு கலம், ஒற்றை உயிரணு, விரல் நீளத்துக்கு. வெறுங்கண்ணால் பார்க்கலாம், கத்திரித்து எடுத்து மேசையில் வைக்கலாம். வெளியே சுவர். சுவருக்கு உட்பக்கம் பச்சைமணிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். அதற்கும் உள்ளே மெல்லிய ஒரு படை, இறுகாத கூழ் போல, ஒரு பக்கம் மேலேறி மறுபக்கம் கீழிறங்கி, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் சாறு நிறைந்த ஒரு பை. கலத்தின் பெரும்பகுதி அந்தப் பைதான்.

எங்கள் பாடப்புத்தகத்தில் அந்தப் பைக்குப் புன்வெற்றிடம் என்று பெயர் போட்டிருக்கும். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், தமிழ் நன்றாக வாசிப்பாள். வந்த புதிதில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "வெத்திடம்னு எழுதியிருக்காங்க, உள்ள நெறையத் தண்ணி இருக்கே மிஸ்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் தன் நோட்டுப் புத்தகத்தில் கடைசி வரை 'உள்தண்ணி' என்றுதான் எழுதினாள்.

வெளியே தண்ணீரில் இருக்கும் உப்பு அந்தப் பைக்குள் எப்படிப் போகிறது? இதுதான் என் கேள்வி. உப்பு சுவரைத் தாண்டி முதலில் ஓடும் படைக்குள் வரும், அதில் சந்தேகமில்லை. அங்கே தங்கி, நிறைந்து, அப்புறம் மெதுவாகப் பைக்குள் கசிகிறதா? அல்லது வந்த கையோடு ஒரு பங்கு பைக்குள் போய்விடுகிறதா? இதற்காகக் கதிரியக்க உப்புக் கரைசலில் கலத்தைப் போட்டு, ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி என்று வைத்து எடுத்து, கழுவி, ஒற்றி, ஒரு நுனியை வெட்டிச் சாற்றைச் சின்னத் தட்டில் பிடிப்போம். தட்டை உலர்த்திக் கருவிக்குள் வைத்தால் எவ்வளவு உப்பு வந்திருக்கிறது என்று அது எண்ணிச் சொல்லும்.

சிக்கல் வெட்டும் இடத்தில்தான் இருந்தது. நுனியை வெட்டியதும் முதலில் வருவது பையின் சாறு. அதன் பின்னாலேயே ஓடும் படையும் வந்துவிடும். அந்தப் படையில் ஏற்கெனவே ஏகப்பட்ட உப்பு. அதில் துளியளவு கலந்தாலும் பைக்குள் நிறைய உப்புப் போய்விட்டதாகக் கருவி பொய் சொல்லும். ஐந்து நிமிடத் துளியிலே பைக்குள் உப்பு இருக்கிறது என்று நான் காட்டப் போகிறேன் என்றால், பார்க்கிறவன் கேட்கும் முதல் கேள்வி, கலந்துவிட்டதா இல்லையா என்பதுதான். என் முழு ஆய்வும் அவள் கண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கை வரவில்லை. பத்து வெட்டினால் எட்டைக் கெடுப்பேன்.

அவள் பத்தில் இரண்டைத்தான் வேண்டாமென்பாள். அவசரமே கிடையாது. கலத்தை லேசாகத் தட்டினாலோ வெட்டுப் பட்டாலோ உள்ளே ஓட்டம் சட்டென்று நின்றுவிடும். நான் முதல் தடவை நுணுக்குக்காட்டியில் அதைப் பார்த்துச் செத்துப்போயிற்று என்று தூக்கிப் போடப் போனேன். அவள் என் கையைத் தடுத்து, பொறுங்க என்றாள். கொஞ்ச நேரத்தில் ஓட்டம் திரும்ப ஆரம்பித்தது. அதுவரைக்கும் அவள் இமைகூடத் தட்டவில்லை.

பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். பெரிய மனிதர், கோபக்காரர். ஒரு நாள் தானே வெட்டிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்து ஒரு துளி பிடித்தார். கூட்டம் கூடிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கலந்துவிட்டது சேர் என்று டப்பாவில் போட்டாள். அவர் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "ஓம், அவ சொன்னாச் சரிதான்" என்று எழுந்து போனார். அதற்கப்புறம் அவள் நோட்டில் 'சுத்தம்' என்று எழுதிய துளியை மட்டும்தான் நாங்கள் கருவிக்குள் வைத்தோம்.

இந்தக் குணம் வேலையோடு நின்றால் பரவாயில்லை. எங்கள் அலுவலகத்துத் தட்டச்சுக்காரப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். வாசலில் இவளைப் பிடித்துப் பெண் எப்படி என்று நைசாகக் கேட்டிருக்கிறார்கள். நல்ல பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்தா போய்விடும்? எட்டு மணிக்கு வருவாங்க, நாலு மணிக்குப் போவாங்க, மத்தது எனக்குத் தெரியாது என்றாளாம். போனவர்கள் போனவர்கள்தான். தட்டச்சுக்காரி ஒரு மாதம் இவளோடு பேசவில்லை. நான் கேட்டதற்கு, நான் அவங்க வீட்டுக்குப் போனதே இல்லையே மிஸ் என்றாள். திட்டவும் முடியாது, சிரிக்கவும் முடியாது.

அந்த வருஷம் இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி தோட்டத்திலிருந்து ஆட்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுடைய அப்பா வீட்டோடு போவதற்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இவள் மட்டும் இங்கேயே இருப்பதாகப் பிரஜாவுரிமை கேட்டுத் தனியாக எழுதிக் கொடுத்தாள். வத்தேகம டவுனில் சித்தி இருந்தாள், அவளோடு தங்கிக்கொள்ளலாம். கடதாசி கிடைத்தால் நிரந்தர வேலைக்குப் பேராசிரியரும் வாக்குக் கொடுத்திருந்தார். அம்மா அப்பாவை விட்டுவிட்டு ஏன் இருக்கப் போகிறாய் என்று கேட்டேன். "அங்க எனக்கு யாரையும் தெரியாது மிஸ். இங்க எனக்கு ஒரு வேலை தெரியும்" என்றாள்.

விசாரணைக்கு வரச் சொல்லி அட்டை வந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, கண்டி டவுனில் இருந்த ஆபீஸில். அட்டையை என் மேசையில் வைத்து லீவு கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துளிகளை எண்ணும் கருவி எங்களுடையது இல்லை. வேறொரு இடத்திலிருந்து கெஞ்சி வாங்கியது, இரண்டு வாரத்துக்குத்தான். அந்த வியாழன்தான் ஐந்து நிமிடத் துளிகள் எடுக்க வைத்திருந்த நாள். ஆறு வாரம் தொட்டியில் வளர்த்த கலங்கள், அக்கம்பக்கக் கலங்களை வெட்டிவிட்டு ஒரு நாள் ஆறப் போட்டவை. ஒரு நாள் தள்ளினால் வாடிவிடும். நான் வேறு தேதி கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். என் வீடு அந்த ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். காலையில் வருகிற வழியில் நானே கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். ஆபீஸ் திறந்தவுடன் கடிதம் கையில் இருந்தால் தேதி மாற்றுவார்கள் என்று அவளுக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் உட்கார்ந்து எழுதி, மடித்து, என்னிடம் தந்தாள்.

வியாழன் காலை நான் அந்த ஆபீஸ் வாசலுக்குப் போனேன். அதைச் சொல்லியே ஆக வேண்டும், போனேன். கதவு திறந்திருக்கவில்லை. வெளியே தோட்டத்துச் சனம் பிள்ளை குட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. திறக்க இன்னும் அரை மணி இருந்தது. நின்றால் கலங்களைக் கரைசலில் போடும் நேரம் பிந்தும். மத்தியானம் வந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

பதினொரு மணி இருக்கும். அவள் எட்டாவது கலத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்காமல், "லெட்டரக் குடுத்தாச்சா மிஸ்?" என்று கேட்டாள்.

கடிதம் என் கைப்பையில் இருந்தது. இல்லை என்றால் அவள் கத்திரிக்கோலை வைத்துவிட்டு ஓடியிருப்பாள். பன்னிரண்டு மணிக்குள் டவுனுக்குப் போய்ச் சேர்ந்தும் இருப்பாள். இன்னும் பதினாறு கலம் இருந்தது.

"குடுத்தாச்சு" என்றேன். வாய் கூசவில்லை.

வேலை முடிய நாலு மணியாயிற்று. மறுநாள் மத்தியானம்தான் கடிதத்தோடு போனேன். கிளார்க் பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்று தடவை பெயர் கூப்பிட்டோம், ஆள் வரவில்லை, விண்ணப்பம் தள்ளுபடி என்றார். திரும்பி வந்து அவளிடம், கடிதம் உரிய ஆளிடம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது, தள்ளுபடி செய்துவிட்டார்களாம் என்றேன். யார் மேலும் பழி விழாத மாதிரி சொல்லத் தெரிந்திருந்தது எனக்கு. "அப்படியா மிஸ்" என்றாள். திங்கட்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு அவளே ஆபீஸுக்குப் போனாள். போய் என்ன கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மேன்முறையீட்டுப் படிவத்தோடு வந்தாள். விசாரணைக்கு வராததற்குக் காரணம் எழுத வேண்டும். நான் உடனே வழி சொன்னேன். காய்ச்சல் என்று எழுது, ஒரு மெடிக்கல் துண்டு நான் வாங்கித் தருகிறேன், எங்கள் டவுன் டொக்டர் அப்பாவுக்குத் தெரிந்தவர். எல்லோரும் செய்வதுதான்.

"எனக்குக் காய்ச்சல் இல்லையே மிஸ்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அரிச்சந்திரன் பேத்தி என்று நினைப்பு என்று சத்தம் போட்டேன். அவள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கடிதத்தைக் கொடுத்தீர்களா என்று இன்னொரு தடவை கேட்டாள். கொடுத்திருந்தால் அதையும் எழுதலாமே என்றாள்.

"குடுத்தேன்னு சொன்னேனே" என்றேன்.

தலையை ஆட்டினாள். ஆனால் படிவத்தில் அதை எழுதவில்லை. 'அன்றைக்கு வேலையில் இருந்தேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். கடிதப் பேச்சை எழுத மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு அப்பாடா என்று இருந்தது, உண்மையைச் சொன்னால்.

சனிக்கிழமை கருவி திரும்பப் போகும் வரை அவள் ஒரு நாள் தவறாமல் வந்தாள். ஒரு கலம் கெடவில்லை. வேலையில் இருந்தது போதிய காரணம் ஆகாது என்று மூன்று மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. அப்பாவின் பட்டியலில் அவள் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்தியக் கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறிய அன்று நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். அதற்கு முன்பே வந்து விலாசம் எழுதித் தந்துவிட்டுப் போயிருந்தாள். ஏதோ ஒரு ஊரில் நூல் மில். அந்தத் தாள் எங்கேயோ போயிற்று. நான் எழுதவில்லை.

ஆய்வு நன்றாக வந்தது. ஐந்தாவது நிமிடத்திலேயே பைக்குள் உப்பு இருந்தது. பரீட்சகர் நான் எதிர்பார்த்த கேள்வியைத்தான் கேட்டார். நான் அவளுடைய நோட்டை எடுத்து வைத்தேன். ஒவ்வொரு துளிக்கும் பக்கத்தில் சுத்தம், கலந்தது, சுத்தம், சுத்தம் என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. கலந்ததை எல்லாம் இப்படித் தூக்கி எறிந்திருக்கிறீர்களே என்று வியந்தார். கவனமாகச் செய்தோம் என்று சொன்னேன். பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது, வீடு கட்டினேன். அவளை நினைத்தால் எனக்கு அழுகை வரும் என்று பொய் சொல்லமாட்டேன். ஒன்றும் வராது. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படிச் சில நாள் நினைத்துப் பார்ப்பேன்.

பேராசிரியர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். கண்டியிலேயே மகளோடு இருந்தார். பழைய ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அவளைப் போல ஒரு கை பிறகு கிடைக்கவில்லை என்றார். பாவம், அந்த ஆபீஸ்காரர்கள் செய்த அநியாயம் என்றேன். சொல்லிச் சொல்லி அது எனக்குப் பழகியிருந்தது.

அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். "அவை ஒண்டும் அநியாயம் செய்யேல்லை" என்றார். "அந்தத் திங்கட்கிழமை அவ கந்தோரிலை விசாரிச்சுப்போட்டு நேரா என்னட்டைத்தான் வந்தவ. வியாழக்கிழமை கடிதம் ஒண்டும் வரேல்லை, வெள்ளிக்கிழமைதான் ஒரு மிஸ் கொண்டு வந்தவ எண்டு சொல்லியிருக்கினம். கொண்டு வரப் பிந்தினது தன்ர பிழையெண்டு அந்த மிஸ் ஒரு துண்டு எழுதித் தந்தால் திரும்ப எடுக்கலாமெண்டும் சொல்லியிருக்கினம்."

நான் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் உம்மைக் கூப்பிட்டுக் கேக்கட்டோ எண்டன். வேண்டாம் சேர், நானே கேக்கிறன் எண்டவ. பிறகு அதைப் பற்றி அவ கதைக்கேல்லை. நானும் விட்டிட்டன். கருவி சனிக்கிழமை திரும்பப் போகவேண்டிக் கிடந்தது" என்றார். அதற்கப்புறம் தேத்தண்ணீர் ஆறிவிட்டது என்று மகளைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் வரும்போது அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார்த்தேன். மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். கொடுத்தேன் என்று நான் சொன்னதும் அவள் தலையாட்டினாள், ஆனால் போகவில்லை. படிவத்தைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். ஒரு நிமிடம் இருக்கும், கூடவும் இருக்கலாம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த கலத்துக்கு நேரமாயிற்று என்றேன்.

அவள் போய்க் கத்திரிக்கோலை எடுத்தாள்.